பயிர் சேத நிவாரணம்: டெல்டாவுல இருந்து ஒரு ரிவ்யூ

அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன். அந்த மூணும் காசு வந்து சேர்ற விதத்துக்கு. நேரா பேங்க் அக்கவுண்ட்ல விழுந்துடுது, நடுவுல யார் கையும் படல. 2023 பிப்ரவரி ஆரம்பத்துல சம்பா அறுப்பு நேரத்துல மழ கொட்டுச்சுல்ல, அதுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபான்னு அரசு அறிவிச்சு, எங்களுக்கும் வந்துச்சு. பிரீமியம் கட்டாம கெடைக்கிற காசு இது, பயிர் இன்சூரன்ஸ் தனி, ஊர்ல நெறைய பேரு ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறாங்க.

தொகை பத்துமான்னா பத்தாது. ஏக்கருக்கு எட்டாயிரம் சொச்சம், ஒரு மா (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) நெலத்துக்கு 2,700 தான் வருது, உழவு நடவு ஒரம் களையெடுப்புன்னு ஏக்கருக்கு முப்பதாயிரத்த நெருங்குது செலவு. போட்டத திருப்பித் தர்ற திட்டம் இல்ல, அடுத்த போகத்துக்கு வெத ஒரம் வாங்க ஒத்தாசை, அவ்வளவுதான். ஆனா 2021 ஜனவரி மழைக்கும் 20,000, 2023லயும் 20,000, அப்புறம் 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு மட்டும் 17,000ன்னா என்ன நியாயம்? டீசல் வெலயும் ஆள் கூலியும் எறங்கவா செஞ்சுச்சு?

பெரிய கொடும கணக்கெடுப்புலதான். 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம் ஆகியிருந்தாத்தான் காசு, முப்பதுன்னு எழுதிட்டா ஒரு பைசா கெடையாது. கதிரு சாஞ்சு தண்ணியில கெடக்கு, ரெண்டு நாள் விட்டா மொளச்சிடும், கெடைக்கிறத அறுத்துடலாம்னு மெஷின எறக்குனா அப்புறம் வர்ற ஆபீசருக்குக் காட்ட வயல்ல ஒண்ணும் இருக்காது, அவரு வரட்டும்னு காத்திருந்தா மிச்ச நெல்லும் போயிடும். இதுல எதச் செய்யிறதுன்னு தெரியாம வரப்புல நின்னவங்க எத்தன பேரு! விவசாயி அன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்புனா அதயே ஆதாரமா ஏத்துக்கணும், இது ஒண்ணு செஞ்சாலே நான் நாலு ஸ்டார் குடுத்துடுவேன்.

அதவிட மனசு ஆறாத விஷயம் குத்தகைக்காரங்க நெலம. வாய் வார்த்தையில குத்தகைக்கு ஓட்டுறவங்கதான் இங்க ஏராளம், கடன வாங்கிப் பயிர் வச்சது அவங்க, அடங்கல்ல, அதான் எந்த நெலத்துல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு விஏஓ எழுதுற கணக்குல, பேரு இருக்குறது நெலத்துக்காரருக்கு, அதனால காசும் அவரு அக்கவுண்டுக்கே போகுது. வெளியூர்ல இருக்குற சில பேரு மனசு வந்து அத அப்படியே அனுப்பி வைக்கிறாங்க, சில பேரு போனே எடுக்குறதில்ல. குத்தகைக்காரங்க பேரப் பதிஞ்சா நாளைக்கு நெலத்துல உரிம கேப்பாங்களோன்னு நெலத்துக்காரங்களுக்கு ஒரு பயம், அது புரியுது, ஆனா குத்தகை உரிமையப் பதியிறதுக்குன்னே 1969ல போட்ட சட்டம் இருக்கு, அது இருந்தும் சேத்துல நின்னவன் வெறுங்கையோட போறத ஏத்துக்கவே முடியல.

புதுசா பயிர் வைக்கிறவங்களுக்கு: ஆதார் அக்கவுண்டோட லிங்க் ஆயிருக்கான்னு பாத்துக்கங்க, கூட்டுப் பட்டான்னா பங்காளிங்ககிட்ட முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க, குத்தகைன்னா நெலத்துக்காரர கையோட விஏஓ ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி உங்க பேருல அடங்கல் வாங்கிடுங்க. நடவு முடிஞ்ச கையோட செஞ்சிடுங்க, மழ பேஞ்சப்புறம் போனா அங்க ஊரே வரிசையில நிக்கும்.