43 அங்குலத் திரையில் சுசீந்திரம் தேர்

இந்த டிவியை நான் சீரியல் பார்க்க வாங்கவில்லை. அது அத்தையின் துறை. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 50 மிமீ லென்ஸ் ஒன்றும் வைத்துக்கொண்டு ஏழெட்டு வருடமாகப் படம் எடுக்கிறேன், பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில். எடுத்ததையெல்லாம் போனில் உள்ளங்கை அகலத்தில் பார்த்து அலுத்துவிட்டது. ஹாலில் பெரிதாகப் பார்க்க ஆசை. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது 2025 செப்டம்பர் 22 அன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போய் 43 அங்குல 4கே ஸ்மார்ட் டிவி ஒன்றை இருபத்தெட்டாயிரத்துச் சில்லறைக்கு வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். நான் விசாரித்த வரை, இந்த விலையில் வருவதில் பாதி ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

கடையில் ஓடிய வீடியோவில் ஒரு கிளி. இறகு இறகாக எண்ணலாம் போலிருந்தது. வீட்டுச் சுவரில் மாட்டி, மாமாவின் எண்பதாவது பிறந்தநாள் படத்தைப் போட்டேன். வேட்டியில் யாரோ சொட்டு நீலத்தைப் புட்டியோடு கவிழ்த்த மாதிரி. முகம் தக்காளி. நான் எடுத்த படம்தானா என்று எனக்கே சந்தேகம்.

பக்கத்து டிவியைவிடப் பளிச்சென்று தெரிவதற்காகக் கடையில் 'விவிட்' முறையில் விட்டிருக்கிறார்கள். அதே நிலையில் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிக்சர் மோடை 'மூவி' என்று மாற்றுங்கள், கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' பக்கம் தள்ளுங்கள், ஷார்ப்னெஸைப் பூஜ்யத்துக்கு அருகில் இறக்குங்கள். முதல் நாள் திரைக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி தெரியும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு மறுபடி விவிட்டைப் போட்டுப் பாருங்கள், கண் கூசும்.

அத்தைக்கு வேறு புகார். "ஏ மக்ளே, எம்ஜிஆரு நம்ம தெருவுல நின்னு சண்டை போடுற மாதிரில்லா இருக்கு, சினிமா மாதிரியே இல்லையே" என்றார். சரியான கண். சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். டிவி தானாக இடையில் பிரேம்களை இட்டுக்கட்டிச் செருகி, எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கிவிடுகிறது. இந்த வசதிக்குக் கம்பெனிக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'மோஷன்' என்ற சொல் எங்காவது இருக்கும். அதை அணைத்ததும் எம்ஜிஆர் சினிமாவுக்குத் திரும்பிப் போனார்.

சரி, என் விஷயம். மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்தில் எடுத்த படங்களைப் பென்டிரைவில் போட்டுச் செருகினேன். தேர்வடத்தின் முறுக்கு, இழுப்பவர்களின் கை நரம்பு, எல்லாம் மெழுகு பூசியது போல மழுங்கிக் கிடந்தன. லென்ஸில்தான் கோளாறோ என்று பயந்தே போனேன். அப்புறம் ஒரு சோதனை: அன்றைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, முழுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்தேன். பென்டிரைவில் போட்டால் கொட்டை எழுத்துத் தலைப்புகள் மட்டும்தான் படிக்க முடிந்தது. அதே படத்தை லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வயரில், 3840க்கு 2160 புள்ளி (அதுதான் 4கே) என்று வைத்துக் காட்டினால் வரி விளம்பரம் வரை படிக்கலாம்! திரையில் குறையே இல்லை. டிவிக்குள் இருக்கும் போட்டோ செயலிதான் படத்தை 1920க்கு 1080 என்று சுருக்கி, பிறகு ஊதிப் பெரிதாக்குகிறது. பல ஸ்மார்ட் டிவிகளில் இதே கதைதான்.

எச்டிஎம்ஐயிலும் ஒரு வில்லங்கம். தேரின் உச்சிக் கலசம் காணவில்லை. பழைய டியூப் டிவிக் காலத்து வழக்கப்படி நாலா பக்கமும் கொஞ்சம் வெட்டிக் காட்டுகிறது. ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' மாதிரி ஒன்றைத் தேடிப் போட்டதும் கலசம் வந்தது.

டிவியில் காட்டுவதற்கென்றே படம் எடுப்பவர்கள் கேமராவைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். நெட்டுக்குத்தாக எடுத்த மாப்பிள்ளை, திரை நடுவே ஒல்லியாக நிற்பார். சில டிவிகளில் படுத்தே கிடப்பார். கேமராவில் கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களைப் பதியும் முறை, அடோபி ஆர்ஜிபி என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டுப்புடவை சாயம் போன மாதிரி தெரியும். ஐபோன்காரர்கள் கேமரா ஃபார்மேட்டில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்தால் ஜேபெக்காக வரும். இல்லாவிட்டால் வரும் எச்இஐசி கோப்பை என் டிவிக்குத் திறக்கத் தெரியவில்லை.

ஆறாவது மாதம் ஒரு அப்டேட் வந்தது. முகப்பில் பாதி விளம்பரம். ரிமோட்டை அமுக்கினால் யோசித்துத்தான் நகர்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு "ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க மேடம்" என்றார்கள். பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங் எல்லாம் போய்விடுமே என்று ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். எடுத்ததில் பாதி, குறுக்கே கறுப்புப் பட்டை, மீதி கோலப்பொடி சிந்தியது போல நெளி நெளியாக. இதற்கு வழி உண்டு. போனின் புரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கி, கையை எதன்மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். பட்டை போய்விடும். நெளிவுக்கு ஓரடி பின்னால் போய் ஜூம் செய்தால் போதும். ஹால் விளக்கை அணைத்துவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கல்யாண மண்டப எல்இடி விளக்கிலும் இதே தொல்லைதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை துடிக்கும். அங்கே 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை விழாது. தாலி கட்டும் நேரத்தில் 1/500 வைத்துவிட்டு நான் பட்ட பாடு தனிக் கதை.

ரீசெட் செய்த பிறகும் விளம்பரம் போகவில்லை. அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து வைஃபை பாஸ்வேர்டு போட்டதுதான் மிச்சம். கடைசியில் வைஃபையையே துண்டித்துவிட்டேன். இப்போது ஒரு எச்டிஎம்ஐயில் செட்டாப் பாக்ஸ், இன்னொன்றில் பழைய லேப்டாப். விளம்பரமும் இல்லை, தாமதமும் இல்லை. கண்ணாடிக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், உள்ளே இருக்கும் மூளைக்கு ஒன்று. சத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஸ்பீக்கர் கீழே பார்த்துப் பேசுகிறது.

டிவி ரிமோட்டில் எண்களே இல்லை, எதை எங்கே அமுக்குவது என்று அத்தைக்குக் குழப்பம். பவர் பட்டனிலும் இன்புட் பட்டனிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.