டர்போ போட்ட 86 வாங்கப் போகிறீர்களா? என் காடிக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

போன வாரம் ஒரு நீல நிற டொயோட்டா 86 விற்பனைக்கு வந்திருப்பதாக நண்பர் விளம்பரத்தை அனுப்பினார். மொத்தம் ஒன்பது படங்கள். நாலாவது படத்தில் ஒரு டைனோ தாள் (காடியின் பவரை அளக்கும் இயந்திரம் அச்சடித்துக் கொடுப்பது), 305 குதிரைசக்தி என்று போட்டிருந்தது. பார்த்ததும் கை உதறிவிட்டது. அந்தத் தாள் எனக்குத் தெரியும். நடுவில் இரண்டு மடிப்பு, வலது மூலையில் வட்டமாக ஒரு காப்பிக் கறை. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே தாளை என் கையில் கொடுத்துத்தான் எனக்கு ஒரு கருப்பு 86ஐ விற்றார்கள். இன்னொருவர் ஏமாறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மலேசியாவின் சிப்பாங் பந்தய டிராக்கில் ஓட்ட ஒரு காடி வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. ஆறு வருடம் சேர்த்த பணம், பேங்க் கடனையும் சேர்த்து 120,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிக்க வேண்டும். மூன்று காடிகளை மனதில் வைத்திருந்தேன். ஒன்று என் அத்தானிடம் இருக்கும் பழைய சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் மாதிரி ஒன்று. 1.6 லிட்டர், 125 குதிரைசக்தி, டர்போ கிடையாது, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது ரெனோ மெகான் ஆர்எஸ் 265. மூன்றாவது டொயோட்டா 86.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பது சுலபமில்லை. மெகான் முன்சக்கர இழுவைதான். ஆனால் கப் சாசி (கெட்டியான சஸ்பென்ஷனோடு வரும் ரகம்) உள்ள காடியில் முன்பக்கம் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் (வழுக்கும் சக்கரத்துக்கே பவர் போய்விடாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு, நாலு பிஸ்டன் பிரெம்போ பிரேக் கம்பெனியிலேயே மாட்டி வரும். எதையும் மாற்றாமல் அப்படியே டிராக்கில் இறக்கலாம். தொல்லை எங்கே என்றால் டயரிலும் உதிரிப்பாக விலையிலும்தான். சிப்பாங் கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக், வலது வளைவுகள் அதிகம். முன்சக்கர இழுவைக் காடியின் இடது முன் டயரை அது தின்றே தீர்த்துவிடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாத மெகானைத் தொடவே கூடாது.

86 வேறு சாதி. பின்சக்கர இழுவை, சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் பாக்சர் இன்ஜின், 200 குதிரைசக்தி. ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காடி இந்த விலையில் இல்லை என்று இப்போதும் சொல்வேன். கம்பெனி வேண்டுமென்றே பிடிப்புக் குறைந்த, பிரியஸுக்குப் போடுகிற டயரை மாட்டித்தான் அதை வெளியே விட்டது. பின்பக்கம் எப்போது நழுவும் என்று குறைந்த வேகத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ஆனால் எல்லாரும் சொல்கிற ஒரே குறை, பவர் பத்தாது. அந்தக் குறையை வைத்துத்தான் என்னை வளைத்தார்கள்.

அத்தான் முதலிலேயே சொன்னார். "மச்சான், 86 வேணும்னா ஒன்னும் மாத்தாத காடியா வாங்கு. பிரேக் ஆயில், பேட், டயர் மட்டும் மாத்து. ஒரு வருஷம் ஓட்டு. அதுக்கப்புறம் பவரைப் பத்திப் பேசலாம்." நான் கேட்கவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு ஒர்க்‌ஷாப். பெயரை இங்கே போடவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சுத்தமான இடம், சுவரில் கோப்பைகள். முதலாளி என்னைத் "தம்பி, தம்பி" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். மனைவியையும் பிள்ளையையும் விசாரித்தார், பசியாறிவிட்டுப் போகச் சொன்னார். கருப்பு 86ஐத் திறந்து காட்டினார். டர்போ கிட், ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும், உறுதியாகச் செய்த தண்டு), ஆயில் கூலர், சிவப்பு நிற ஆறு பிஸ்டன் பிரேக், கோயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்). "இன்ஜின் முழுசா பில்ட் பண்ணது தம்பி. நேரா சிப்பாங்குக்கு ஓட்டிட்டுப் போங்க, ஓட்டிட்டு வாங்க." காடிக்கு 86,000, பேங்க் வழியாக. மாடிஃபிகேஷன் பேக்கேஜுக்கு 28,000, ரொக்கம். அந்த ரொக்கத்துக்குக் கடை முத்திரை போட்ட ரசீது வேண்டும் என்று நான் அடம்பிடித்து வாங்கினேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

ஃபோர்ஜ்டு ராட் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 12.5:1, அதாவது உள்ளே ஏற்கெனவே அழுத்தம் அதிகம். டர்போ இல்லாமல் ஓடுவதற்காகச் செய்த இன்ஜின். அதில் டர்போவை வைத்துக் காற்றைத் திணித்தால் முதலில் அடி வாங்குவது மெலிந்த கம்பெனி ராட்தான். ராட் மாற்ற இன்ஜினைக் கீழே இறக்கி, முழுவதும் பிரித்து, மறுபடி மூட வேண்டும். செலவெல்லாம் அதில்தான். ஆனால் மாற்றினார்களா இல்லையா என்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனைக்குப் போனோமே என்று நினைக்கலாம். அங்கே முக்கியமாக இன்ஜின் எண்ணையும் சாசி எண்ணையும்தான் சரிபார்ப்பார்கள், உள்ளே இருக்கும் ராட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? டர்போவைக்கூடச் சோதனைக்கு முன்னால் கழற்றி, அப்புறம் மாட்டிக் கொடுத்தார்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி எங்கே என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

முதல் டிராக் டே. காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. சிப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. நீளமான இரண்டு நேர்ப்பாதைகள், இரண்டின் முடிவிலும் காடியை ஏறக்குறைய நிறுத்துகிற அளவுக்குப் பிரேக் அடிக்க வேண்டிய கொண்டை ஊசி வளைவு. பிரேக்குக்கும் ஆயிலுக்கும் இந்த நாட்டில் இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. என் காடி நேர்ப்பாதையில் பறந்தது, பொய் சொல்லவில்லை. அத்தானின் சுவிஃப்ட்டைக் கண்ணாடியில் புள்ளியாக்கிவிட்டேன். மூன்றாவது சுற்றில், 15ஆவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மறுபடி குத்தி, கியரைக் குறைத்து, வளைவை விட்டு அகலமாகப் போய், எப்படியோ டிராக்குக்குள்ளேயே நின்றேன். கால் அப்படி நடுங்கியது.

பிட்டுக்கு வந்து அத்தான் பிரேக் ஆயில் மூடியைத் திறந்தார். காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது 230 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கும், ஈரம் ஏறிவிட்டால் 155லேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி இருந்தால் பெடல் உள்ளே போகும். "டிராக் ரெடி" என்று விற்ற காடியில் எத்தனை வருடத்து ஆயிலோ. சக்கரத்தைக் கழற்றியதும் அத்தான் இன்னொன்றையும் காட்டினார். சிவப்புக் கேலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பெரிய பெயர் ஒட்டியிருந்தது. எழுத்து வெறும் ஸ்டிக்கர், வெயிலிலும் சூட்டிலும் ஓரம் சுருண்டிருந்தது. பின்புறம் வார்ப்பு எண் எதுவுமே இல்லை. போலி. அத்தானிடம் இருந்த புது பிரேக் ஆயிலை ஊற்றி, பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, மெதுவாக இரண்டு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

இறங்கியிருக்கக் கூடாது. ஏழு, எட்டு என்று நீளமாக வலது பக்கம் சுற்றும் வளைவிலிருந்து வெளியே வரும்போது 'டக் டக் டக்' என்று கீழேயிருந்து ஒரு சத்தம். ஆயில் விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. உடனே இன்ஜினை அணைத்து ஓரம் கட்டினேன். ஆயில் டிராக்கில் கொட்டவில்லை, கடவுள் புண்ணியம். பின்னால் வந்த யாராவது அதில் வழுக்கியிருந்தால் எந்தப் பணமும் அதை ஈடு கட்டாது. டோ லோரியில் காடி வீட்டுக்கு வந்தது. சாதாரண இன்சூரன்ஸ் டிராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது, அதனால் அந்தப் பக்கம் போகவே வழியில்லை.

சிரம்பானில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். முதலில் ஆயிலை வடித்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தபோது தங்கப்பொடி கலந்த மாதிரி மின்னியது. அப்புறம் கீழ்த்தட்டைக் கழற்றினார். ஆயில் உறிஞ்சும் சல்லடையில் பாதிக்கு மேல் ஆரஞ்சு நிறச் சிலிக்கான் அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் பிய்த்தேன், மென்று துப்பிய சூயிங்கம் போல வந்தது. தட்டை முன்பு யாரோ திறந்து, கண்ட சிலிக்கானை அள்ளிப் பூசி மூடியிருக்கிறார்கள். பிதுங்கியது உள்ளே விழுந்து சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும் நேரத்தில், அடைபட்ட சல்லடை எதை உறிஞ்சும்? பேரிங் காய்ந்து, மேல்பூச்சு உரிந்து, செம்பு தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரின் ராட் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

அந்த ராட்டைத் துடைத்து என் கையில் வைத்தார் மெக்கானிக். "இது கம்பெனி ராட் தம்பி. நாலும் அப்படித்தான். இந்த இன்ஜினை யாரும் பில்ட் பண்ணலை." முன்பம்பரைக் கழற்றினோம். கிரில் வழியாக அழகாகத் தெரிந்த ஆயில் கூலரின் இரண்டு ஹோஸும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. முனையை மடக்கி, கேபிள் டை போட்டு, பம்பருக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் கேபிள் டையை ஒருவன் உட்கார்ந்து கட்டியிருக்கிறான். இந்தக் காடியில் ஒரு மனிதன் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகப் போகிறான் என்று தெரிந்தே கட்டியிருக்கிறான்.

டைனோ தாளின் கதை அன்றிரவுதான் வெளியே வந்தது. அத்தான் தாளை மேசையில் விரித்து ஐந்து நிமிடம் பார்த்தார். கோடு நிமிடத்துக்கு 8,400 சுழற்சி வரை போயிருந்தது. 86இன் சிவப்புக் கோடே (இன்ஜின் தாண்டக் கூடாத எல்லை) 7,400இல் ஆரம்பிக்கும்; டர்போ போட்டு ட்யூன் செய்தாலும் அதை யாரும் 8,400 வரை சுற்ற விடமாட்டார்கள். அதுமட்டுமில்லை. டர்போ காடியின் டார்க் (முறுக்குவிசை) கோடு நடுவில் மேடாக எழும்பி, கடைசியில் சரியும். இந்தத் தாளில் அது ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போய், 5,800 பக்கத்தில் ஒரு படி தாண்டுகிறது. "இது விடெக் படி. ஹோண்டா கே20, அநேகமா சூப்பர்சார்ஜர் போட்டது" என்றார் அத்தான். விடெக் என்பது சுழற்சி ஏறியதும் வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா இன்ஜின் அமைப்பு. தாளில் காடி எண் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. வாங்கின அன்றைக்கு நான் 305 என்ற எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "டிராக்குல ஓட்டினா இன்ஜின் போகத்தான் செய்யும் தம்பி, நான் என்ன பண்ண முடியும்" என்றார். டிராக்குக்கு என்றே விற்றவர் அவர். அடுத்த போனை எடுக்கவில்லை.

சரி, இதே மாதிரிக் காடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. இன்ஜின் பில்ட் செய்ததாகச் சொன்னால், பிரித்து வைத்த நிலையில் பிளாக்கில் இன்ஜின் எண்ணும் ராட்டும் ஒன்றாகத் தெரிகிற படத்தைக் கேளுங்கள். ராட் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர்கள் இதையெல்லாம் பெருமையாகவே வைத்திருப்பார்கள். படம் தொலைந்துவிட்டது என்றால் அது கம்பெனி இன்ஜின் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அவர்கள் காட்டும் டைனோ தாளை நம்பாமல், நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில், உங்கள் கண் முன்னால் காடியை டைனோவில் ஏற்றச் சொல்லுங்கள். சில நூறு வெள்ளிதான் ஆகும். லீக் டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள், மின்னினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கூலர் ஹோஸைக் கையால் தடவி, அது எங்கே போகிறது என்று கடைசிவரை தொடருங்கள். இதற்கெல்லாம் விடமாட்டேன் என்கிற கடையில் காசு கொடுக்காதீர்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். கடை முத்திரை போட்ட ரசீது இருந்ததால்தான் இந்த வழி திறந்தது. பேக்கேஜ் பணமும் புது இன்ஜின் செலவும் சேர்த்து 46,400 கேட்டிருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம். பேரிங் துண்டுகள், ஆரஞ்சுச் சிலிக்கான், கேபிள் டையோடு வெட்டியெடுத்த ஹோஸ் முனை எல்லாம் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன, அப்படியே எடுத்துப் போகிறேன்.

போன சனிக்கிழமை அத்தான் தன் சுவிஃப்ட் சாவியைக் கொடுத்தார். பிரேக் ஆயிலும் பேடும் டயரும் தவிர எதுவும் மாற்றாத காடி. மூன்று செஷன், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். பெடல் கடைசிச் சுற்றிலும் முதல் சுற்று மாதிரியே இருந்தது.

அந்த நீலக் காடியைப் பார்க்கப் போகிறவரோ, ஏற்கெனவே முன்பணம் கட்டியவரோ இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். காப்பிக் கறை உள்ள அதே தாளை உங்களிடமும் கொடுத்திருந்தால், இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். விசாரணைக்கு முன்னால் கிடைத்தால் மனுவோடு சேர்த்துவிடுவேன்.