ஜன்னலில் ஒட்டும் பறவைத் தீனிப்பெட்டி: வாங்கலாமா?

கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி, பின்பக்கம் மூன்று நான்கு சக்‌ஷன் கப், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய தட்டு, தட்டில் தண்ணீர் வடியத் துளைகள். இணையக் கடைகளில் பத்துப் பதினைந்து பெயர்களில் விற்றாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரப் படங்களில் பனிக்கால வெளிநாட்டுச் சிட்டுகள் சூரியகாந்தி விதை கொத்திக்கொண்டிருக்கும். அந்தப் படத்திலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. திறக்காத பெரிய கண்ணாடியும், குளிர்காலத்தில் விதை தேடி அலையும் பறவைகளும் உள்ள ஊருக்காகச் செய்த பெட்டி இது. சென்னையிலோ மதுரையிலோ இரண்டாம் மாடி ஜன்னலுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே கிரில் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்த பிறகே பணம் கட்டுங்கள். பல வீடுகளில் அந்த இடைவெளி பெட்டியின் ஆழத்தைவிடக் குறைவு. ஸ்லைடிங் ஜன்னல் என்றால் வெளித்தடத்தில் ஓடும் கதவில்தான் ஒட்ட வேண்டும். உள்தடக் கதவில் ஒட்டினால், ஜன்னலை நகர்த்தும்போது அடுத்த கதவின் சட்டம் பெட்டியை இடித்துத் தள்ளிவிடும். மரச்சட்டத்தில் வெளிப்பக்கமாகத் திறக்கும் பழைய ஜன்னலில் இன்னொரு தொல்லை: கதவைத் திறந்தால்தான் தீனி போட முடியும், திறந்தால் பெட்டி கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். பூவேலைக் கண்ணாடியில் கப் பிடிக்கவே பிடிக்காது. வெயில் தடுக்கும் ஃபிலிம் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால், பெட்டியோடு அதுவும் உரிந்து வரும்.

ஒட்டிய பெட்டி விழுகிறது என்பதுதான் அடிக்கடி கேட்கும் புகார். குறை பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. போர்வெல் தண்ணீரில் துடைத்த கண்ணாடியில் உப்பு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும்; அதன்மேல் உட்கார்ந்த கப்பின் விளிம்பில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். வினிகர் நனைத்த துணியால் உப்பை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை துடைத்து முழுதாக உலர விடுங்கள். கப்பை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டால் இளகும். நடுவில் கட்டைவிரலை வைத்து, காற்றெல்லாம் வெளியேறும்வரை அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காலிப் பெட்டியாக இருக்கட்டும்; மறுநாளும் ஒட்டியபடி இருந்தால் தீனி போடலாம். ஒரு காக்கையோ புறாவோ சுமார் 300 கிராம் இருக்கும், அது மெதுவாக வந்து உட்காரவும் செய்யாது. மேற்கு வெயில் படும் ஜன்னலில் கப் சீக்கிரமே விறைத்துப்போகும். விளிம்பு வளைய மறுத்தால் மாற்றிவிடுங்கள். எப்படி ஒட்டினாலும் பெட்டியிலிருந்து கிரில்லுக்கு ஒரு நைலான் கயிறு கட்டாமல் விடாதீர்கள். கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறது.

பெட்டியைத் துடைக்க, கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அம்மோனியாவும் ஆல்கஹாலும் பட்டால் அக்ரிலிக்கில் மயிர்க்கோடாக விரிசல் விழும். ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்தால் ஒரே வாரத்தில் மங்கிவிடும், பிறகு பெட்டி வழியாகப் பார்க்க ஒன்றும் இருக்காது. மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் ஊறவைத்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் வைத்து, நன்றாக அலசி உலர்த்துங்கள்.

பெட்டி நிலையாக நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்? கம்பு, நொய், சோளம் போட்டால் முதலில் காக்கை, அடுத்து அணில், மூன்றாவதாகப் புறா. புறா வந்தபின் மற்றவற்றுக்கு இடமில்லை. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே சிட்டுக்குருவி இருந்தால் அதுவும் வரும். இல்லாத இடத்துக்குக் கம்பு போட்டு வரவழைக்க முடியாது, கூடு கட்டப் பொந்தும் குஞ்சுக்குப் புழு பூச்சியும் அதற்கு வேண்டும். புறாவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ந்த எச்சத்தூசியையும் இறகுத்தூசியையும் நாள்தோறும் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வருகிறது. மும்பையில் 2025-இல் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாக்களை மாநகராட்சி மூடியதற்குச் சொன்ன காரணமும் பொதுச் சுகாதாரம்தான். ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் தானியம் போடுவது, புறாவுக்குச் சாப்பாட்டோடு வீடும் கொடுப்பது மாதிரி.

நம் ஜன்னலில் நின்று பார்க்கத் தகுந்த பறவைகளில் பெரும்பாலானவை தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவை. தையல்சிட்டுக்கும் கரிச்சானுக்கும் பூச்சி வேண்டும். செம்போத்து ஓணான், நத்தை தேடி வேலியோரம் நடக்கும். செம்மார்புக் குக்குறுவானும் குயிலும் ஆலம்பழத்துக்கும் அரசம்பழத்துக்கும் வரும். முருங்கை பூத்தால் தேன்சிட்டைக் கூப்பிடவே வேண்டாம். முருங்கை இல்லாத வீட்டில் தொட்டியில் ஒரு இட்லிப்பூச் செடி அந்த வேலையைச் செய்யும். தேன்சிட்டுக்காகச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறவர்கள் உண்டு. நம் வெயிலுக்கு அது ஒரே நாளில் புளித்துவிடும், எறும்புதான் மிச்சம்.

இவற்றில் பலவும் வருவது தண்ணீருக்கு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு, ஓரடி அகலம், தண்ணீர் இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர், நடுவில் ஒரு தட்டைக் கல். பெட்டி விலையில் சின்னப் பங்குகூட ஆகாது. மண்ணின் சொரசொரப்பில் கால் வழுக்காது என்பதால் சின்னான் என்னும் கொண்டைக்குருவி இறங்கிக் குளிக்கும், தவிட்டுக்குருவி கூட்டமாக வரும். அக்ரிலிக் தட்டிலும் பீங்கானிலும் விளிம்பில் நின்று குடித்துவிட்டுப் போய்விடும். தண்ணீரைத் தினமும் மாற்றுவதோடு தட்டைத் தேங்காய் நாரால் தேய்க்கவும் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் அல்லாமல் விளிம்பை ஒட்டிய சுவரில் இடுகிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை போகாது.

கண்ணாடியோடு ஒட்டியிருப்பது இந்தப் பெட்டிக்கு ஒரு விதத்தில் நல்லதே. ஒரு மீட்டருக்குள்ளிருந்து பறந்தால் பறவை மோதினாலும் வேகம் இருக்காது. மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்த தீனிதான் ஆபத்து. ஆனால் சில பெட்டிகளோடு தரும், வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும் ஃபிலிமை ஒட்டாதீர்கள். நாம் இருப்பது பறவைக்குத் தெரியாது என்பது உண்மை, அதற்குப் பதில் அதன் பிம்பமே அதற்குத் தெரியும். கூடு கட்டும் காலத்தில் ஆண் தேன்சிட்டும் சின்னானும் அதை எதிராளி என்று எண்ணி அலகு தேயக் கொத்தும். அறைக்குள் விளக்கை அணைத்து, இரண்டடி தள்ளி அசையாமல் உட்கார்ந்தாலே போதும்.

கேமரா வைத்த பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருவதெல்லாம் புறா என்றால், புறா வந்திருக்கிறது என்று கைப்பேசி நாளுக்கு நாற்பது தடவை சொல்லும். குரல் கேட்டுப் பெயர் சொல்ல கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தானியத்தை நிறுத்திவிட்டு, கனிந்த பப்பாளி அல்லது வாழைப்பழத் துண்டு இரண்டு மட்டும் காலையில் வையுங்கள். சின்னானும் மைனாவும் வரும், புறா வராது. சாறு துளை வழியே வடியும் என்பதால் கீழ்வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் மிச்சத்தை எடுத்துவிடாவிட்டால் பழ ஈ மொய்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்; கப் இன்னொரு வருடம் வரும்.