பூட்டிய சிறையா, திறந்தவெளிச் சிறையா: தோட்டத்தில் தெரிந்த வித்தியாசம்

பல்லடம் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில், விடுதலையாகி வந்த இரண்டு பேரை அடுத்தடுத்து வேலைக்கு வைத்தேன். முதலாமவர் பத்து வருடத்துக்கு மேல் ஒரு சிறையின் மதிலுக்குள்ளேயே இருந்தவர். இரண்டாமவர் தண்டனையின் கடைசி வருடங்களைக் காவல் குறைந்த திறந்தவெளிச் சிறையில் கழித்தவர். திரும்பவும் ஆள் எடுக்கச் சொன்னால் இரண்டாமவரைத்தான் எடுப்பேன்.

சிறையில் கொடுக்கிற சோறு, கட்டில், ஃபேன் பற்றி டீக்கடையில் வேண்டிய அளவு பேசுகிறார்கள். "தப்புப் பண்ணினவனுக்கு எதுக்குங்க வசதி?" 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் 100க்கு சுமார் 76 பேர் விசாரணைக் கைதிகள். தப்புப் பண்ணினார்களா என்றே இன்னும் தீர்ப்பாகவில்லை. வதைக்கிற சிறையை நாமும் பார்த்தாயிற்று, வ.உ.சி. இழுத்த செக்கு கோவைச் சிறையில் இன்னும் இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வெளியே வருகிறவருக்குத் தானாக ஒரு முடிவெடுக்கத் தெரிகிறதா?

முதலாமவர் நல்ல உழைப்பாளி. ஆனால் சாயங்காலம் ஆறு மணியானால் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சிறையில் இருந்தபோது அறையைப் பூட்டுகிற நேரம் அது. எங்களுக்கோ மும்முனை கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். எழுந்து மோட்டாரைப் போட்டு, ஒரு பாத்தி நனைந்ததும் அடுத்த வால்வைத் திருப்ப வேண்டும். அவர் முழித்துத்தான் இருப்பார். நான் கூப்பிடும்வரை வெளியே வரமாட்டார். ஒரு நாள் பைப் கழன்று தண்ணீர் வண்டித்தடத்தில் ஓடுகிறது, பக்கத்திலேயே நிற்கிறார். "ஏனுங்ணா, மோட்டாரை நிறுத்தியிருக்கலாமில்ல?" என்றேன். "நீங்க சொல்லலீங்களே" என்றார். முகத்தில் அவ்வளவு பயம். அப்புறம் எனக்குக் கோபம் வரவில்லை.

திறந்தவெளிச் சிறையில் விவசாய வேலை உண்டு. கோவை சிங்காநல்லூரில்கூட அப்படி ஒன்று இருக்கிறது. காவல் குறைவு. ஓடிப்போக வழி இருந்தும் போகாமல் இருப்பது அங்கே இருப்பவர் தினமும் எடுக்கிற முடிவு. இரண்டாமவர் வந்த வாரமே, நடுராத்திரியில் மோட்டார் சத்தம் மாறியதைக் கேட்டு எழுந்து போய் நிறுத்தியிருக்கிறார். காலையில்தான் சொன்னார்: "கிணத்துல தண்ணி எறங்கிருச்சுங்க. மோட்டார் காயில் கருகிப் போயிருமேன்னு நிறுத்திட்டேன்."

நார்வேயில் 2010இல் திறந்த ஹால்டன் சிறையைச் சொகுசு என்பார்கள். தனி அறை, டிவி எல்லாம் உண்டுதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது, அங்கே இருப்பவர்கள் மளிகை வாங்கித் தாங்களே சமைத்துக்கொள்ளலாம் என்பது. இன்றைக்கு என்ன குழம்பு என்று யோசிக்கும் பழக்கம் விட்டுப்போவதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்னடத்தை பார்த்துத்தான் திறந்தவெளிக்கு அனுப்புகிறார்கள். இரண்டாமவர் முதலிலிருந்தே பொறுப்பான ஆளாக இருந்திருக்கலாம். நான் கூட வைத்துப் பார்த்ததும் இரண்டே பேர். கொடூரக் குற்றம் செய்தவரை இப்படி விடலாமா என்று கேட்டால், என் அனுபவம் அதுவரை எட்டாது.

முதலாமவர் நாலு மாதத்தில் கிளம்பிவிட்டார். இப்போது ஒரு நூல் மில்லில் இருக்கிறார். சங்கு ஊதினால் உள்ளே போகிறார், சங்கு ஊதினால் வெளியே வருகிறார். போன பொங்கலுக்கு வந்திருந்தார். வாசலில் நின்றவர், நான் "வாங்ணா, உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்தார்.