அண்ணனுக்குக் கொலோனோஸ்கோப்பி: ஒரு தஞ்சாவூர் அனுபவம்

இந்த முறை ஊரில் இருந்த நாட்களில் பாதி, அண்ணனோடு மருத்துவமனையில் கழிந்தது. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து நெடுநாள் கைவைத்தியம் பார்த்திருக்கிறார். அண்ணி விடாமல் நச்சரித்த பிறகுதான், கேமரா வைத்த வளையும் குழாயை (ஸ்கோப்) ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்குச் சம்மதித்தார்.

பதிவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கும் பேதி மருந்தை மட்டும் முதல் நாள் இரவே முழுவதும் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். பாதியை இரவிலும் மீதியை மறுநாள் விடியற்காலையிலும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கேட்டவுடன் மாற்றிக்கொடுத்தார்கள்.

நான் இங்கிலாந்தில் இத்தகைய குழாய்ப் பரிசோதனைகள் செய்யும் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பதால், உள்ளே நிற்கத் தலைமை மருத்துவர் அனுமதித்தார். ஸ்கோப்பைப் பிடித்திருந்தவர் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர். குடலின் இடப்பக்க வளைவில் குழாய் சுருண்டுகொண்டது. அரை மயக்கத்திலேயே அண்ணன் முனகினார். இந்த இடத்தில் கருவியைப் பிடுங்கிக்கொள்ளும் மூத்தவர்களையும், "தள்ளு, தள்ளு" என்று விரட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்தத் தலைமை மருத்துவர் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றார். "நிறுத்துங்கள். காற்றை உறிஞ்சுங்கள். வலப்பக்கம் திருப்பிக்கொண்டே மெல்லப் பின்னுக்கு இழுங்கள்." பின்னால் இழுக்க இழுக்க, திரையில் குடல் முன்னோக்கி விரிந்தது. அண்ணனின் முனகல் நின்றது. பெருங்குடலின் கடைசி முனையில் குடல்வாலின் வாய் தெரிந்ததும் படம் எடுத்தார்கள். திரும்பும் வழியில், ஒரு மடிப்பின் பின்னால் ஒளிந்திருந்த சிறு பாலிப்பை (குடலின் உட்சுவரில் வளரும் சதைத் திரட்சி) கண்டுபிடித்துக் கம்பிச் சுருக்கால் அகற்றினார்கள்.

வெளியே வந்ததும், "இப்படிக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு யார் கற்றுத்தந்தது, டாக்டர்?" என்று கேட்டேன். "யாருமில்லை, சிஸ்டர். என் ஆசிரியரைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்" என்றார். எனக்குக் கவலையாகிவிட்டது. அவருக்கு நல்ல ஆசிரியர் வாய்த்தார். வாய்க்காதவர்களிடம் படுக்கும் நோயாளிகளின் கதி என்ன?

இங்கிலாந்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 2004இல் வெளியான ஒரு தணிக்கையின்படி, ஸ்கோப் குடலின் கடைசி முனைவரை ஐயமின்றிப் போய்ச் சேர்ந்தது 56.9 சதவீதம் பேருக்குத்தான். முதல் 100 கொலோனோஸ்கோப்பிகளை மேற்பார்வையில் செய்து பழகிய மருத்துவர்கள் 17 சதவீதம் மட்டுமே. அந்தக் காலகட்டத்தில் தேசியப் பயிற்சி மையங்கள் வந்தன. கற்றுக்கொடுப்பவர்களுக்கே தனிப் பயிற்சி வந்தது. எப்போது பேசுவது, எப்போது சும்மா இருப்பது, எந்தச் சொல்லால் எந்த அசைவைச் சொல்வது என்பதையெல்லாம் அதில் பழக்குகிறார்கள். 2011ஆம் ஆண்டுத் தணிக்கையில், ஸ்கோப் கடைசி முனையை எட்டிய அளவு 92.3 சதவீதம். பயிற்சி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். தரக் கண்காணிப்பும் கடுமையானது. ஆனால் போலந்தில் நேரடியாகவே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில மையங்களின் தலைமை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவற்றுக்கு அவர்களுடைய புள்ளிவிவரத்தை மட்டும் அனுப்பினார்கள். 2016இல் வெளியான முடிவு: தலைவர் பயிற்சி பெற்ற மையங்களில், புற்றாக மாறக்கூடிய கட்டிகள் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ஒருவருக்குக் கொடுத்த பயிற்சி அவருக்குக் கீழே இருப்பவர்களின் கைக்கும் போய்ச் சேர்கிறது.

நம் ஊரில் கைத்திறனுக்குக் குறைவே இல்லை. கற்பிக்கும் முறையை அவரவர் அதிர்ஷ்டத்துக்கு விட்டிருப்பதுதான் குறை.

அண்ணிக்கு வேறொரு மருத்துவமனையில் முன்பு செய்த கொலோனோஸ்கோப்பியின் அறிக்கையை வீட்டில் புரட்டிப் பார்த்தேன். மூன்று வரி. "குறை ஏதுமில்லை" என்று முடித்துவிட்டார்கள். படமில்லை, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, ஸ்கோப் எதுவரை போனது, எதுவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் யாரையாவது அழைத்துப் போனால் இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பார்த்தபடி ஸ்கோப்பை வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்றும் கேளுங்கள். பாலிப் இல்லாத குடலுக்கே ஆறு நிமிடமாவது வேண்டும்.

அண்ணிக்கு, அண்ணன் பார்த்த அதே மருத்துவரிடம் மறுபடியும் பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.