ஆடியோவுக்குத் தனி லைன், தனி எர்த்து போட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம் உஷார்

முதலில் அவசரமான விஷயம். சேலத்தில் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயருக்கு "சுத்தமான தனி எர்த்து" போட்டுக் கொடுத்திருந்தால், ஆம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த த்ரீ பின் டாப்பைத் திறந்து பாருங்கள். பச்சை வயர் பெரிய பின்னில் முறுக்கி இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை. கட்டரால் வெட்டி, டேப் சுற்றி, உள்ளே மடக்கி வைத்திருந்தது.

எங்கள் வீடு அம்மாபேட்டையில், தறி ஓடுகிற தெரு. பக்கத்து வீட்டில் நாலு தறி, எதிர் வீட்டில் ஆறு. இந்த ஊரில் பாட்டுக் கேட்க நல்ல செட் வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். மாடி அறை ஜன்னலை அடைத்து, செகண்ட் ஹேண்டில் 60 வாட்ஸ் ஆம்ப் ஒன்றும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வைத்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் தறி நின்றதும் போட்டால் தவில் அடி நெஞ்சில் விழும். ஒரே குறை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் போகாது.

நண்பர் ஒருவர் மூலம் அவர் வந்தார். பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். நாற்பது வயது இருக்கும், நல்ல பேச்சு. அறைக்குள் வந்து கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டார். ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டினார்.

"தறி மோட்டார் அழுக்கு மொத்தமும் உங்க லைன்லதாங்கண்ணா வருது. ஏற்காட்டுக் கொட்டையா இருந்தாலும் சாக்கடைத் தண்ணியில காபி போட்டா எப்படிங்கண்ணா இருக்கும்?"

அந்த ஒரு வரிக்கே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்களைப் பிரிக்கிற பெட்டி) மாடிக்கு "வெள்ளி முலாம் பூசிய" வயர் இழுக்க 24,000. வீட்டு எர்த்தோடு சேராத தனி எர்த்து குழி 19,500. "ஆடியோ கிரேடு" சாக்கெட் இரண்டு 9,000. எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) கூலியும் 7,500. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சென்ட் ஏறும்ணா, எதுக்கு?" என்றார். ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். படித்தவன்தான் நான்.

வேலை முடிந்த அன்று இரைச்சல் அப்படியே இருந்தது. கொஞ்சம் கூடினாற்போலவும் தோன்றியது. "வயர் பழகணும்ணா, 200 மணி நேரம் ஓடட்டும்" என்றார். ஓடவிட்டேன். நடுவில் ஆடிப் பண்டிகை வந்தது. கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, எங்கள் தெருவில் தறி எல்லாம் நின்று, மூன்று நாள் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. செட்டைப் போட்டேன். "ம்ம்ம்ம்." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தறியே ஓடாதபோது தறி அழுக்கு எங்கிருந்து வரும்? உறைக்கவில்லை. பணம் கொடுத்த பிறகு மனசு கொடுத்தவன் பக்கம் பேசாது, வாங்கியவன் பக்கம்தான் பேசும்.

போன் செய்தேன். ஒரு ஃபில்டர் டப்பாவோடு வந்தார், 4,500. அதுவும் ஒன்றும் செய்யவில்லை. (அந்த டப்பாவை இன்னும் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் வயிறு இன்னும் எரியும்.) மூன்றாவது தடவை வந்தவர், "நீங்க கீழ போய் ஒரு டீ சொல்லுங்கண்ணா" என்றார். நான் டீயோடு மேலே ஏறுவதற்குள் இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. அப்படி ஒரு நிசப்தம். அவருக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை கேபிள்காரர் செட்டாப் பாக்ஸை மாற்றித் தருகிறேன் என்று பழையதைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார். அன்று சாயங்காலம் என் மனைவி ஈரத்துணியால் ஆம்பின் மேல் தூசி துடைக்கப் போனவள் கையை உதறிக்கொண்டு வந்தாள். "சுர்ருன்னு இழுக்குதுங்க." ஆஃப் செய்துதான் வைத்திருந்தோம், பிளக் மட்டும் சுவரில் இருந்தது. டெஸ்டரை ஆம்பின் பாடியில் வைத்தேன். எரிந்தது.

எங்கள் வீட்டுக்கு 2009-இல் வயரிங் செய்த வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். இப்போது வயதாகிவிட்டது, பெரிய வேலை எடுப்பதில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். ஆம்ப் பாடிக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே 108 வோல்ட். பிளக்கைத் திறந்தார். வெட்டின பச்சை வயரை விரலால் எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இத்தனை நாள் எப்படிங்கண்ணா ஷாக் அடிக்காம இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கேபிள் டிவி வயர்தான் உங்க ஆம்புக்கு எர்த்தா இருந்துருக்கு. செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஆம்புக்கு வர்ற ரெட்-ஒயிட் ஆடியோ வயர் வழியா. அவன் கழட்டுனதும் ஆம்பு அந்தரத்துல நிக்குது."

ஆம்புக்குள் மின்சாரம் நுழைகிற இடத்தில் சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் பாடிக்குக் கசியும். எர்த்து இருந்தால் அது தெரியாமலே மண்ணுக்குப் போய்விடும். எர்த்து இல்லாவிட்டால் பாடி பாதி வோல்ட்டில் நிற்கும், கையில் சுருக்கென்று காட்டும். அது சின்னக் கசிவு, ஆளைக் கொல்லாது. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் இற்றுப்போய்ப் பாடியில் பட்டிருந்தால் அன்றைக்கு ஈரத்துணிக்கு முழு 230-உம் வந்திருக்கும்.

சரி, பச்சை வயரைத் திரும்பச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அண்ணன் அந்த 19,500 ரூபாய் குழியையும் பார்க்கணும் என்றார். 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போட்டார், 225 வோல்ட், பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலை எடுத்துவிட்டுப் பழைய வீட்டு எர்த்தில் வைத்தார், 223. புது எர்த்தில் வைத்தார். பல்பு மஞ்சளாகச் சோர்ந்தது, 190. (இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். செய்கிற நேரம் அந்த எர்த்து கம்பியிலேயே கரண்ட் ஏறும்.)

பென்சிலில் கணக்குப் போட்டுக் காட்டினார். 35 வோல்ட் மண்ணிலேயே தொலைகிறது என்றால் அந்தக் குழியின் தடை கிட்டத்தட்ட 90 ஓம். ஆம்பில் ஃபேஸ் பாடியில் பட்டால் இந்த வழியாக ஓடப்போவது இரண்டரை ஆம்பியர். லைனில் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. அது அசையவே அசையாது. அதாவது பச்சை வயர் சரியாக முறுக்கி இருந்தாலுமே, பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். வீட்டு எர்த்தோடு சேராத தனி எர்த்தில் இதுதான் ஆபத்து. குழி எத்தனை வேண்டுமானாலும் தோண்டலாம், எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்க வேண்டும். ஐஎஸ் 3043 என்ற எர்த்திங் விதிநூல் இருக்கிறது, சான்றிதழ் வாங்கின எந்த வயர்மேனும் அந்தப் பெயரையாவது கேட்டிருப்பார்.

மறுநாள் குழியைத் தோண்டினோம். பத்தடி காப்பர் ராடு என்று குழி போட்டவர் சொல்லியிருந்தார். சேலத்து மண் தெரியுமே, இரண்டடியில் பாறை. கையில் வந்தது இரண்டே காலடித் துண்டு, மீதியை அறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

வெள்ளி வயர் கதைக்கு வருகிறேன். எந்த ஊரில் வெள்ளி என்று சொல்லி ஏமாற்றினாலும் சேலத்தில் ஏமாற்றக் கூடாது. மனைவியின் தாய்மாமா செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு சாண் வயரை உரித்து எடுத்துப் போனேன். இடுக்கியில் ஒரு இழையைப் பிடித்து ஊதுகுழல் தீயில் காட்டினார். ஒரு நொடியில் வெண்மை உருண்டு ஓடி, இழை சாம்பலாகவும் தவிட்டு நிறமாகவும் மாறியது. வெள்ளி இளக 960 டிகிரிக்கு மேல் வேண்டும், வெள்ளீயம் 232-லேயே உருகிவிடும்.

"மாப்ள, இது அண்டாவுக்கு ஈயம் பூசின கதைங்க" என்றார்.

பட்டறையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அசல் வெள்ளியாகவே இருந்திருந்தாலும் என்ன பெரிதாக ஆகியிருக்கும் என்று பிறகு பார்த்தேன். வெள்ளி செம்பைவிட ஐந்தாறு சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். சாதாரண 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஏழரை ஓம். டிபியிலிருந்து மாடிக்குப் போய்வர 36 மீட்டர், கால் ஓமுக்குக் கொஞ்சம் அதிகம். ஆம்ப் முழுச் சத்தத்தில் 2 ஆம்பியர் இழுத்தாலும் வழியில் குறைவது அரை வோல்ட். எங்கள் தெருவில் சாயங்காலம் தறியெல்லாம் ஓடும்போது 238 இருந்தது 212 ஆகும். அரை வோல்ட்டுக்கு 24,000 கொடுத்தவன் நான்.

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து வந்தது? புது செட்டாப் பாக்ஸ் வந்த அன்று தெரிந்தது. அண்ணன் ஆம்பை வீட்டு எர்த்துக்கே மாற்றி, பச்சை வயரையும் முறுக்கியிருந்தார். செட் நிசப்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. கேபிள்காரர் வயரைச் சொருகினார், "ம்ம்ம்ம்." பிடுங்கச் சொன்னேன், நின்றது. மறுபடி சொருகினார், வந்தது. அந்த மனுஷனை ஐந்து தடவை சொருகிப் பிடுங்க வைத்தேன்.

கேபிள் வயரின் வெளிச்சுற்று (நடுக் கம்பியைச் சுற்றியிருக்கிற உலோக வலை) மொட்டை மாடியில் எங்கேயோ ஒரு இரும்புக் கம்பத்தில் எர்த்தாகிறது. ஆம்ப் வீட்டில் எர்த்தாகிறது. இரண்டு எர்த்தும் ஒரே வோல்ட்டில் இருக்காது. அந்த வித்தியாசம் ரெட்-ஒயிட் வயரின் வெளிச்சுற்று வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸில் பாட்டோடு கலந்துவிடுகிறது. இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். தனி எர்த்து போட்டவர் பச்சை வயரை வெட்டியதும் லூப் அறுந்தது, இரைச்சல் நின்றது. தலைவலிக்குத் தலையை எடுத்த மாதிரி. சரியான வைத்தியம், ரெட்-ஒயிட் வயருக்குப் பதில் டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள். அதில் போவது வெளிச்சம், செம்பே கிடையாது, லூப்புக்கு வழியே இல்லை. கேபிளும், என் பழைய ஆம்புக்கு அதை மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டியும் சேர்த்து 1,100 ரூபாய். 64,500-க்குப் பக்கத்தில் இந்த 1,100-ஐ வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தனி லைன் என்பதே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. அண்ணனையே வைத்து மறுபடி இழுத்தேன். ஐஎஸ் 694 என்ற வயர் தர முத்திரை மீட்டருக்கு மீட்டர் அச்சான 4 ஸ்கொயர் வயர், தனி எம்சிபி, எர்த்து மட்டும் வீட்டு எர்த்திலிருந்தே. கூடவே வீடு முழுக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் உடனே லைனை அணைக்கிற சுவிட்ச்). "எர்த்து நல்லா இருந்தாலும் அது வேணும்ணா, 2009-லயே சொன்னேன், நீங்கதான் செலவுன்னீங்க" என்றார். உண்மைதான். தனி லைனால் கிடைத்த பலன் என்னவென்றால் ஃபிரிட்ஜ் ஓடி நிற்கும்போது ஸ்பீக்கரில் வந்த "டப்" போய்விட்டது. அவ்வளவே. மேடை விரிந்தது, திரை விலகியது என்று முதலில் வந்தவர் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. சத்தம் நிஜமாகவே மாறியது, மொசைக் தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்த அன்றுதான்.

அந்த ஆளிடம் பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதலில் "பார்க்கலாம்ணா", அப்புறம் நீலக் குறி, அப்புறம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன், விவரம் பொறுமையாகவே கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டும், ஜிபே கணக்கும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "வெள்ளி முலாம்" எஸ்டிமேட்டும். வக்கீல் நண்பர் எஸ்டிமேட் போதும் என்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது இதே ஆள் வேலை செய்திருந்தால் அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள்.

இரண்டே காலடி ராடை மாமா பட்டறைக்குக் கேட்டார், எடைக்குப் போட்டால் எவ்வளவு என்று பார்க்க. கொடுக்கவில்லை. ஆணையத்தில் மேஜை மேல் வைக்க வேண்டும்.