வேகத் தண்டத்துக்கு எதிராக ஒரு டாஷ் கமரா: 70மாய் ஏ500எஸ், திருகோணமலை வீதிகளில்

70மாய் ஏ500எஸ், முன்கண்ணாடியில் ஒட்டி வீதியைப் படம்பிடிக்கும் கமரா. இதை வாங்குகிற பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான். பொலிஸ் வேகம் 82 என்று எழுதினால், "இல்லை, 66" என்று படத்தைக் காட்டலாமாம். பெட்டியில் இருப்பதில் ஆகப் பலவீனமான பகுதியே படத்தின் மூலையில் தெரியும் அந்த வேக இலக்கம்தான். கமராவின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். 2592க்கு 1944 புள்ளிப் படம், நொடிக்கு 30 சட்டகம் (தனித்தனிப் படம்), 140 பாகை வில்லை, இரண்டு அங்குலத் திரை, உள்ளேயே செய்மதி வழி இடமும் வேகமும் அறியும் ஜீ.பி.எஸ். மூலையில் தெரியும் இலக்கம் இதிலிருந்துதான் வருகிறது. பகல் படம் நல்லது. முன்னால் போகும் வாகனத்தின் இலக்கத்தகடு கிட்டத்தில் தெளிவாக வரும், எதிரே விரைந்து வருவதன் தகடு பெரும்பாலும் கலங்கும். உள்ளிருப்பது 500 எம்.ஏ.எச் லிதியம் பெற்றரி. நிலாவெளி வெயிலில் கண்ணாடி ஏற்றி மதியம் முழுக்க நிறுத்தும் வாகனத்துக்கு, பெற்றரிக்குப் பதில் சூப்பர் கப்பாசிட்டர் (மின்னைத் தேக்கும், சூடு தாங்கும் உறுப்பு) வைத்த கமராவே பொருத்தம். லிதியம் சூட்டில் ஊதும்.

இனி, பொலிஸார் வேகம் அளக்கும் ஸ்பீட் கன். இது எப்படி அளக்கிறது என்று தெரியாமல் கமரா வாங்கிப் பயனில்லை.

கையில் பிடிக்கும் கருவி இரண்டு வகை. ராடார் வகை அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தை அளக்கிறது. 24.15 கிகாஹேர்ட்ஸ் கருவியில் ஒவ்வொரு கிலோமீற்றர் வேகத்துக்கும் மாற்றம் ஏறக்குறைய 45 ஹேர்ட்ஸ். இந்தக் கணக்கில் பிழை அபூர்வம். பிழை வருவது கதிரின் அகலத்தில். 12 பாகை விரிகிற கதிர் 300 மீற்றர் தூரத்தில் 60 மீற்றருக்கு மேல் அகன்றிருக்கும். அதற்குள் உங்கள் வகன் ஆர் காரும் பின்னால் வரும் பஸ்ஸும் சேர்ந்தே நிற்கும். பலமாகத் திருப்பி அனுப்புவது பஸ்தான். கருவி காட்டும் இலக்கம் சரியாக இருக்கும், வாகனம்தான் மாறியிருக்கும்.

லேசர் வகை ஒடுங்கியது. 3 மில்லிரேடியன் (ஏறக்குறைய ஒரு பாகையின் ஆறில் ஒரு பங்கு) விரிகிற கதிர் 300 மீற்றரில் 90 சென்றிமீற்றர், 600 மீற்றரில் 1.8 மீற்றர். துடிப்புகளை அனுப்பி, தூரம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் கணக்கிடும். கை ஆடி, புள்ளி முன்கண்ணாடியிலிருந்து இலக்கத்தகட்டுக்கு வழுக்கினால் கதை வேறு. 0.3 நொடியில் ஒரு மீற்றர் வழுக்கினால் மணிக்கு 12 கிலோமீற்றர் கூடிவிடும். இப்படிப்பட்ட அளவைப் பிழை என்று தள்ளிவிடும் ஏற்பாடு இந்தக் கருவிகளில் உண்டு, ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் இது எடுபடாது.

கோண வாதத்தை மட்டும் தொடவேண்டாம். "பொலிஸார் ஓரத்தில் சரிவாக நின்றார்கள்" என்று சொல்வோர் பலர். சரிவாக நின்று அளந்தால் இலக்கம் குறையுமே தவிரக் கூடாது. 20 பாகையில் 70இல் வரும் வாகனம் 66க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். நீதிமன்றத்தில் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் உண்மை வேகம் இன்னும் கூட என்று நீங்களே ஒப்புக்கொண்டு வரலாம்!

இப்போது கமராவுக்கு வருவோம். ஜீ.பி.எஸ் பதிவு நொடிக்கு ஒன்று. வேகம் சீராக இருந்தால் உண்மைக்கு ஒன்று இரண்டு கிலோமீற்றருக்குள் நிற்கும். சாரதி பொலிஸைக் கண்டு பிறேக் அடிக்கும் அந்தக் கணத்தில்தான் பிந்தும். லேசர் அளந்தது அதற்கு முந்திய கணம். சாரதி படத்தில் காட்ட விரும்புவதோ அதற்குப் பிந்தியது. தண்டப்பத்திரத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் எழுதிய நேரம், அளந்த நேரமல்ல. மூன்று நேரங்களையும் ஒன்றாக வைத்து வாதாடப் போனால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே விழும். நேர வலயம் +5:30இல் இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள்.

உலோகப் படலம் ஒட்டிய முன்கண்ணாடியில் ஜீ.பி.எஸ் திணறும், சில வாகனங்களில் பிடிக்கவே பிடிக்காது. ஒட்டுமுன் வெறும் கையால் கண்ணாடியோடு பிடித்து ஒரு தரம் ஓடிப் பாருங்கள்.

வேகத்தை நிறுவ இதைவிட நல்ல வழி சட்டகம் எண்ணுவது. படத்தில் தெரியும் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே நாடாவால் அளங்கள். கிலோமீற்றர் கல்லை நம்பி அளக்காதீர்கள். வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, முதற் கம்பம் படத்தின் ஓரத்தை விட்டு வெளியேறும் சட்டகத்திலிருந்து, இரண்டாவது அதே ஓரத்தில் வெளியேறும் சட்டகம் வரை எண்ணவேண்டும். 100 மீற்றருக்கு 50இல் 216 சட்டகம், 60இல் 180, 70இல் 154. ஒன்றிரண்டு சட்டகம் பிசகினாலும் ஒரு கிலோமீற்றருக்குள்தான் பிழை. இந்தக் கணக்கை நீதவான் கையிலேயே போட்டுப் பார்க்கலாம், ஜீ.பி.எஸ் இலக்கத்தை அப்படிப் பார்க்க முடியாது.

"மீற்றரில் 68தான் காட்டியது" என்ற சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமானி பொதுவாகக் கூட்டித்தான் காட்டும், அதனால் கேட்க நல்லதாகவே இருக்கும். ஆனால் 175/65ஆர்14 இருந்த இடத்தில் 185/65ஆர்14 ரயர் போட்டிருந்தால் சுற்றளவு 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடி, மீற்றர் காட்டுவது அந்தளவு குறைந்து, அந்தச் சாதகத்தில் ஒரு பங்கு போய்விடும்.

கமரா உண்மையில் உதவுவது படத்தால். பக்கத்தில், பின்னால் எந்த வாகனம் இருந்தது, பொலிஸார் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், 50 வேக எல்லைப் பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்ததா, இவைதான் வழக்கைத் திருப்பும். கந்தளாய்ப் பக்கம் இரண்டு தடமே உள்ள வீதியில் உங்களை ஒரு வான் முந்திப்போன கணத்தில் அளந்திருந்தால், அந்த வானைக் காட்டும் பத்து நொடி போதும். ஆனால் முன் கமரா முன்னே மட்டும்தான் பார்க்கும். பின்னால் வந்த பஸ்ஸை நிறுவ வேண்டுமென்றால் பின் கமராவும் வேண்டும், ஏ500எஸ்ஸுக்கு அதைத் தனியே வாங்கி இணைக்கலாம். வாங்குங்கள்.

பதிவு அழியும் விதம் இன்னொரு பொறி. நிமிடத்துக்கு 120 எம்பி என்று வைத்தால் 64 ஜீபி அட்டை ஒன்பது மணி நேரம்கூடத் தாங்காது. கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் காலைப் பதிவின் மேல் மாலைப் பதிவு ஏறிவிடும். மறிக்கப்பட்டதும் அவசரப் பதிவுப் பொத்தானை அழுத்தி, முதல் நிறுத்தத்திலேயே அட்டையைக் கழற்றி வேறு அட்டை போடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், கோப்பின் விவரமும் போகும். வெட்டி ஒட்டவே கூடாது. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டம் பதிவு மாற்றப்படாததாயும் கருவி ஒழுங்காய் இயங்கியதாயும் இருக்கக் கேட்கிறது. விசாரணைத் திகதிக்கு 45 நாள் முன்பே மறுதரப்புக்கு அறிவித்தலும் கொடுக்கவேண்டும், அவர்கள் கருவியையும் பதிவையும் பரிசோதிக்கக் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டமும் இருக்கிறது. எதன் கீழ் சமர்ப்பிப்பது என்பது சட்டத்தரணியின் முடிவு. பரிசோதனை என்று வந்தால் முழு அட்டையும் திறபடும் என்பதையும் மறக்கவேண்டாம், நீங்கள் சீனன்குடா தாண்டி 90இல் போனதும் அதிலேதான் இருக்கும்.

தண்டப்பத்திரத்தின் கணக்கு எளிது. கட்டினால் ஒப்புக்கொண்டதாகிறது. 14 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு, 28 நாள் கடந்தால் நீதிமன்றம். வாதாடுகிறவர் தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டிவிட்டு ஆதாரம் தேடக்கூடாது. திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கவேண்டியவை: அன்றைய கடமை தொடங்குமுன் நிலைத்த தூரத்தில் கருவி சோதிக்கப்பட்டதா, அளவுத்திருத்தச் சான்றிதழ் எந்தத் திகதியுடையது, திரையில் தூரம் எவ்வளவு காட்டியது, அந்த நேரம் வீதியில் வேறு என்ன வாகனம். படம் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் உயிர் கொடுக்கும்.

3,000 ரூபாத் தண்டத்துக்காக மட்டும் இதை வாங்குவது கட்டுபடியாகாது, சட்டத்தரணியின் ஒரு நாள் கட்டணமே அதைத் தாண்டும். அனுமதிப்பத்திரத்தை நம்பிப் பிழைக்கும் வான், லொறிச் சாரதிகளுக்குக் கட்டுபடியாகும். ஓட்டோவுக்கு 40தான் எல்லை, பின்னால் வரும் பெரிய வாகனத்தோடு குழம்பும் வாய்ப்பும் கூட, ஆகவே அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் பக்கத்தால் மழைச்சாரல் வரும் என்பதால் கண்ணாடியின் நடுவில் உயரத்தில் ஒட்டவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இது வேண்டாம், நீர் புகாத வகை தனியே இருக்கிறது.